ஆகஸ்டுக்கு ஒரு மாமரம்

எங்கள் அரசு நாற்றுப் பண்ணையில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் சில நாட்களுக்கு முன் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு கைப்பேசியும் கொண்டுவந்தார்கள். பிஸ்கட் எனக்கு. கைப்பேசியில் இருந்த செயலி ஊருக்கு. ஊர் பெயரையும் தோட்டத்தின் நீள அகலத்தையும் போட்டால், வீட்டுத் தோட்டத்துக்கு எந்தப் பழம், அதில் எந்த ரகம் என்று அதுவே சொல்லிவிடுமாம். "இனிமே வர்றவங்ககிட்ட பேசிக்கினே நிக்க வேணாம் மேடம்" என்றான் ஒருவன். நான் வேலை பார்த்த காலமெல்லாம் பேசிக்கொண்டு மட்டும்தான் நின்றேன் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

வாங்கி, புதுச்சேரி என்று போட்டேன். "மிதமான தட்பவெப்பம்" என்று வந்தது. பனி கொட்டாத ஊரெல்லாம் அதற்கு மிதமான ஊர் போலிருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் கடற்கரைச் சாலையில் அதைச் செருப்பில்லாமல் நடக்கவிட்டால் வேறு மாதிரி எழுதும். என் வீட்டுக்கு அது சிபாரிசு செய்தவை பேரிக்காய், பிளம்ஸ், ஸ்ட்ராபெர்ரி. என் வீடு குருசுக்குப்பத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. காற்று அடிக்கிற நாளில் கொடியில் போட்ட புடவையை நக்கினால் உப்புக் கரிக்கும். பேரிக்காய் அங்கே காய்த்தால் ஊறுகாயாகவே காய்க்கும் என்று சொன்னேன். பிள்ளைகள் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

போகும்போது, பண்ணை மலருக்கு என் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். விளம்பரம் குறைவாம், பக்கம் நிரம்ப வேண்டுமாம். அதற்கு நான் தோதான ஆள்.

படித்த காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாகூர்ப் பக்கம் நெல் போடுகிற குடும்பம். தோட்டக்கலை டிப்ளமோ படித்தேன், ஒட்டுக் கட்டக் கற்றேன், கற்கும்போது விரலைக் கிழித்துக்கொண்டேன், வேலை கிடைத்தது. பண்ணையில் செடி விற்கிற இடத்தில் போட்டார்கள். அங்கே எனக்கு மேலே கோதண்டம் சார் இருந்தார்.

அவர் அறைக்குள் உட்கார மாட்டார். அறையில் இருந்த ஒரே மின்விசிறி ஃபைல்களுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் புங்கமரத்தடியில் ஒரு மேஜையும் இரும்பு நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "சார், நல்ல ரகமா ஒரு மாங்கன்னு குடுங்க." கடையில் நல்ல புடவை கேட்பது போல. சார் முதலில் அவர்கள் காலில் ஒட்டியிருக்கிற மண்ணைப் பார்ப்பார். பிறகு, "கெணத்துத் தண்ணியா, போர் தண்ணியா?" என்பார். தெரியாது என்றால் போச்சு. "போயி ஒரு பாட்டில்ல புடிச்சிக்கினு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இது புதுச்சேரி. இங்கே எந்த வீட்டில் காலி பாட்டில் தேடினாலும் எந்த பாட்டில் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலை பத்து மணிக்கு சாரின் மேஜையில் தங்க நிற லேபிள், கறுப்பு லேபிள், குதிரைப் படம், ராஜா படம் போட்ட பாட்டில்கள் வரிசையாக நிற்கும். சார் ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு மடக்கு வாயில் ஊற்றி, கொப்பளித்து, மரத்தடியில் துப்புவார். "சப்போட்டா வையி, தாங்கும்" என்பார். அடுத்ததற்கு, "இது நல்ல தண்ணி. மா, எலுமிச்ச எது வேணாலும் வையி." இன்னொன்றுக்கு முகத்தைச் சுளித்து, "தென்ன மட்டும் வையி. அதையும் ஒரு வார்த்த கேட்டுக்கினு வையி" என்பார். தண்ணீரில் உப்பு அளக்கிற கருவி எங்களிடம் இல்லாமல் இல்லை. அது பீரோவில் இருந்தது. பீரோ சாவி, காரைக்காலுக்கு மாற்றலாகிப் போன ஒருவருடைய பையில் இருந்தது.

ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் மேலதிகாரி ஒருவர் வந்துவிட்டார். மேஜையில் பாட்டில் வரிசை, அதன் பின்னால் வாயைத் துடைத்துக்கொண்டு சார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன மிஸ்டர் இது, ஆபீஸ் நேரத்துல?" என்றார். சார் எழுந்து, கடலை ஒட்டிய வீராம்பட்டினத்திலிருந்து வந்திருந்த பாட்டிலை எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினார். "நீங்களும் கொஞ்சம் பாருங்க சார். இவங்க கமலா ஆரஞ்சு கேக்குறாங்க, குடுக்கலாமான்னு சொல்லுங்க." அதிகாரி குடித்தார். எதற்காகக் குடித்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, ஒருவேளை வேறு எதையோ எதிர்பார்த்திருக்கலாம். பாதி டம்ளரில் புரையேறிவிட்டது. அடுத்த வாரம் உத்தரவு வந்தது: பாட்டில்களை லேபிள் கிழித்தபின் மட்டுமே மேஜையில் வைக்க வேண்டும். பீரோ சாவி வரவில்லை.

தண்ணீர் முடிந்தால் வெயில். வீட்டின் எந்தப் பக்கம் எத்தனை மணிவரை வெயில் நிற்கும் என்று கேட்பார். அதன் பிறகு பக்கத்து வீடு. கிளை அந்தப் பக்கம் போனால் சண்டைக்கு வருவார்களா, பழம் கேட்பார்களா. கடைசியாக ஒரு கேள்வி: "யாரு துன்னப் போறாங்க?" வருகிறவர்களுக்கு இந்தக் கேள்விதான் கோபத்தைக் கிளப்பும். "நாங்கதான், வேற யாரு?" என்பார்கள். "நாங்கன்னா எத்தினி பேரு, யாரு யாரு?" என்பார். தானும் மனைவியும் மட்டும் இருக்கிற வீட்டுக்குப் பலாக்கன்று கேட்ட பேராசிரியரிடம், "ஒரு பழம் பழுத்தா உங்க ரெண்டு பேரையும் அது துன்னுடும்" என்று சொல்லிக் கொய்யாவைக் கொடுத்து அனுப்பினார். அவர் மறுநாள் புகார் எழுதினார். கொய்யா காய்த்தபின் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். புகாரை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இந்தக் கேள்வியில்தான் மதாம் பிலோமின் வந்து மாட்டினார். அல்லது சார் மாட்டினார்.

மதாம், சம்பா கோயில் என்று எங்கள் ஊர் சொல்கிற மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் இருப்பவர். அவருடைய கணவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இறந்துபோய்ச் சில வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் ரொபேர் பாரிசுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு இருந்தார். மதாம் குடையும் கைப்பையுமாக வந்து, பாட்டிலை மேஜையில் வைத்து, மாங்கன்று கேட்டார். தண்ணீர் நன்றாக இருந்தது. வெயில் இருந்தது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

"யாரு துன்னப் போறாங்க மதாம்?"

"எம் புள்ள."

"அவரு எங்க இருக்காரு?"

"பிரான்சுல."

"இங்க எப்ப வருவாரு?"

"ஆகஸ்ட்ல. அங்க அப்பதான வக்கான்ஸ். புள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவு உட்டாதான் அவன் கெளம்ப முடியும்."

சார் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் ஊரில் மாம்பழம் பங்குனியில் தொடங்கி ஆனியோடு ஓய்ந்துவிடும். பிரெஞ்சுக்காரன் விடுமுறை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். மாமரத்துக்கும் பிரெஞ்சு அரசாங்கத்துக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பெற்ற எத்தனையோ தாய்மார்கள் இந்த ஊரில் மாம்பழத்தை வெட்டி ஜாம் கிண்டி பாட்டிலில் அடைத்து ஆகஸ்ட் வரை காத்திருக்கிறார்கள். செயலியில் மகன் வரும் மாதத்தைக் கேட்கிற இடம் இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். இல்லை.

"ஜாம் பண்ணிக் குடுங்களேன் மதாம்" என்றேன் நான், சும்மா இருக்க முடியாமல்.

மதாம் என்னைப் பார்த்த பார்வையில் நான் கொஞ்சம் சுருங்கிப்போனேன். பிறகு அவராகவே சொன்னார். ஓட்டல் கட்டுகிறவர்கள் வந்து வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தாழ்வாரத்தை டேப் வைத்து அளக்கிறார்கள். தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள். வீடு அவர் கணவருடையது, இப்போது கையெழுத்துப் போட வேண்டியவன் மகன். மகனுக்கு விற்றுவிட வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. அம்மாவுக்கு வசதியாக ஒரு ஃப்ளாட், லிஃப்ட் வைத்தது, பார்த்துக்கொடுப்பானாம்.

"லிஃப்ட்ல நான் எங்க போவப் போறேம்மா? மேலயா?" என்றார். பிறகு சாரிடம் திரும்பி, "காய்க்கிற மரம் இருக்குற ஊட்ட எவனாவது விப்பானா? ஒரு தபா, ஒரே தபா, அவன் ஊட்டு மரத்துல பறிச்சு அவன் துன்னுட்டான்னா விக்க மாட்டான்" என்றார்.

எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. நானே என் அம்மா வீட்டு மரத்தில் வயிறு வலிக்கிற வரைக்கும் மாம்பழம் தின்றவள். அந்த வீடு இப்போது கல்யாண மண்டபம். விற்கக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

சார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அவர் வாய் மட்டும் அசைந்தது. "செந்தூரா சித்திரையோட சரி. பங்கனப்பள்ளி வைகாசி. ருமானி ஆனி. கடைசியா வர்றது நீலம். அதுவும் ஆடி பொறந்தா முடிஞ்சிரும்." கண்ணைத் திறந்தார். "ஆனா நீலத்த ஏமாத்தலாம்."

ஏமாற்றுகிற வழி இதுதான். தை மாதம் மரம் முதல் பூ எடுக்கும். அதை ஒரு கொத்து விடாமல் கிள்ளிப் போட வேண்டும். மரம் கொஞ்ச நாள் திகைத்து நிற்கும். பிறகு மாசிக் கடைசியில் பக்கத்துக் கணுக்களில் மறுபடி பூக்கும். அது பிஞ்சாகி, காயாகி, முற்றிப் பழுக்க ஆடி கடைசி ஆகிவிடும். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளுக்குப் பழம் தட்டில் இருக்கும். எல்லா வருடமும் எல்லா மரமும் ஏமாறாது, ஆனால் நீலம் கொஞ்சம் ஏமாளி.

"பூவக் கிள்றதா?" மதாம் சிலுவை போட்டுக்கொண்டார். "அது பாவமில்லியா?"

"உங்களுக்குப் பூ வேணுமா, புள்ள வேணுமா?" என்றார் சார். மதாம் நீலம் ஒட்டுக்கன்றை எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது சார், "நீலத்துல ஒரு குத்தம் உண்டு மதாம். வண்டு வரும்" என்றார். மதாம் வண்டுதானே என்பது போலக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

குழி போட நான்தான் போனேன். கொல்லை முற்றத்தில் மூன்றடி ஆழம், மூன்றடி அகலம். தோண்டியதும் நடவில்லை, வெயில் குடிக்கட்டும் என்று ஆறப்போட்டோம். மேல்மண்ணைத் தனியாக, அடிமண்ணைத் தனியாக ஒதுக்கி, மேல்மண்ணோடு தொழுவுரமும் வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்பினோம். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே ஒரு கையளவு தெரிகிற மாதிரி வைத்தோம். அதை மூடிவிட்டால் அடியில் இருக்கிற நாட்டு மா கிளம்பிவிடும், நீங்கள் வைத்தது ஒன்று, காய்ப்பது ஒன்றாகிவிடும். முதல் சில வருடம் மரம் உடம்பு பிடிக்க வேண்டும் என்பதால் எந்தப் பூவையுமே விடக்கூடாது. மதாம் ஏணி போட்டுக் கிள்ளிக்கொண்டே இருந்தார். காய்க்கவென்று மரம் வைத்துப் பூவையெல்லாம் பிய்த்து எறிகிற மனுஷியைப் பார்த்து, தெருவில் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். வேலைக்காரப் பெண் ஒருத்தி பயந்து வேலையை விட்டே நின்றுவிட்டாள்.

இதற்குள் சார் ஓய்வு பெற்றார். இரும்பு நாற்காலியும் லேபிள் கிழித்த பாட்டில்களும் மதாமும் என் பொறுப்பில் வந்தார்கள்.

மரத்தைக் காய்க்க விட்ட முதல் வருடம் ஆடியில் நான் பார்க்கப் போனேன். மரத்தில் பழங்கள் தெரியவில்லை, காலுறைகள் தெரிந்தன. வௌவாலும் அணிலும் தொடாமல் இருக்க, கணவர் பட்டாளத்தில் போட்ட கம்பளிக் காலுறைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு காய்க்கும் ஒன்று மாட்டி நூல் கட்டியிருந்தார். மாமரம் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்துவிட்டது போல நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மதாம் சிரிக்கவில்லை. ரொபேர் அந்த வருடம் வரவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள் என்று விடுமுறைக்குக் கிரேக்க நாட்டுக்குப் போய்விட்டாராம்.

பழத்தையெல்லாம் கூடையில் போட்டு எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். ஒன்றைக்கூட அவர் வாயில் வைக்கவில்லை. வெட்டியபோது பாதிக்கு மேல் பழத்தில் கொட்டைக்குள் வண்டு இருந்தது. நாங்கள் துறை ஆட்கள், வண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடத் தெரிந்தவர்கள். ஆனால் மதாமிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். காலுறை வௌவாலைத்தான் தடுக்கும், காய் நெல்லிக்காய் அளவு இருக்கும்போதே வண்டு தோலில் முட்டையிட்டுவிடும், புழு உள்ளே போய் கொட்டையில் உட்கார்ந்துகொள்ளும், வெளியே வடுகூடத் தெரியாது என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, செய்ய வேண்டியதை எல்லாம் சொன்னேன். விழுந்த பிஞ்சை அன்றன்றே பொறுக்கு, கொட்டையை எரி, மரப்பட்டை இடுக்கைச் சுரண்டு, பிஞ்சு பிடிக்கும்போது மருந்து அடி. எங்கள் துறை எனக்குத் தெரிந்து இந்த வண்டோடு எப்போதும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வண்டுக்கு இது தெரியுமா என்பது சந்தேகம்.

மதாம் ஒன்றையும் விடவில்லை. அந்த வயதில் மரத்தடியில் குனிந்து குனிந்து பிஞ்சு பொறுக்கினார். இடையில் வந்த வருடங்களில் ரொபேர் ஒருமுறை ஜனவரியில் வந்தார், ஒருமுறை அம்மாவையே பாரிசுக்கு வரவழைத்தார். ஆகஸ்டும் ரொபேரும் சேரவே இல்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

கடைசியில் போன ஆகஸ்டில் வந்தார்கள். ரொபேர், அவருடைய பிரெஞ்சு மனைவி, இரண்டு பெண்கள். தங்கியது அம்மா வீட்டில் இல்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் வேண்டும் என்று காலாப்பட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில். மாதா திருநாளன்று மத்தியானம் சாப்பிட மட்டும் வீட்டுக்கு வந்தார்கள். மதாம் என்னையும் கூப்பிட்டிருந்தார், மரத்துக்கு நான் ஞானத்தாய் என்று மருமகளிடம் அறிமுகம் செய்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "சாயங்காலம் ஓட்டல்காரன் பேப்பர் எடுத்துக்கினு வரான். இவன் கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டானாம்" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் பேச்செல்லாம் பிரெஞ்சில், எனக்கு ஓரளவு புரியும். பெண்கள் இரண்டும் கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரொபேருக்கு ஐம்பது வயது, தலை வழுக்கை, ஃப்ளாட்டில் லிஃப்ட் இருப்பதைப் பற்றி அம்மாவுக்குக் கையால் மேலும் கீழும் காட்டிக்கொண்டிருந்தார். மதாம் மாம்பழத் தட்டைக் கொண்டுவந்து மகன் முன்னால் வைத்தார். தோட்டத்துப் பழம் என்றார். ரொபேர் ஒரு படம் எடுத்தார். வாசனை பார்த்தார். "அம்மா, அங்க இப்ப பெரு நாட்டுலேர்ந்து வருது. நாரே இருக்காது, வெண்ண மாதிரி" என்றார். மதாம் கத்தியை நீட்டிக்கொண்டு நின்றார்.

ரொபேர் கத்தியை வாங்கி வெட்டினார். கத்தி கொட்டையோடு சேர்ந்து இறங்கிவிட்டது. பிளந்த கொட்டையிலிருந்து கறுப்பாக ஒரு வண்டு வெளியே வந்து, வெள்ளைத் தட்டில் ரெண்டு அடி வைத்தது. மருமகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். மதாம் சுவரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் பூவைக் கிள்ளி, காலுறை மாட்டி, கொட்டை எரித்து, கடைசியில் இது. நான் சொல்லிக்கொடுத்த மருந்தெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கு அழுகை வந்தது. மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

சின்னப் பெண் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு விரலால் வண்டைத் தொட்டாள். அது காலை மடக்கிக்கொண்டு உருண்டு கிடந்தது.

"செத்துட்ட மாதிரி நடிக்கும்" என்றார் ரொபேர். தமிழில் சொன்னார். மனைவிக்கும் பெண்களுக்கும் புரியவில்லை என்று கண்டு பிறகு பிரெஞ்சில் சொன்னார். பிறகு என்னிடம், "கிளாஸ்ல பெஞ்சு மேல ஆளுக்கு ஒண்ணு போடுவோம். எவன் வண்டு மொதல்ல எழுந்திருக்குதோ அவன் கெலிச்சான். எங்க மிஸ் பாத்துட்டு என்னைய வெளிய நிக்க வெச்சாங்க" என்றார்.

பெரிய பெண்ணும் தட்டுப் பக்கம் சாய்ந்தாள். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டு அசையவில்லை. கேட்பார் இல்லை என்று தெரிந்தபின் மெதுவாக ஒரு காலை நீட்டியது. இப்படிப்பட்ட ஆட்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அது எழுந்து நடந்ததும் சின்னப் பெண் கூச்சல் போட்டாள். எனக்கும் ஒன்று வேண்டும் என்றாள் பெரியவள்.

வண்டு வேண்டுமென்றால் கொட்டைக்குப் போக வேண்டும். கொட்டைக்குப் போக வேண்டுமென்றால் பழத்தைத் தின்ன வேண்டும். ரொபேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காலுறையோடு பறித்து வைத்திருந்த பழக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டார். இதில் இருக்கா இல்லையா என்று பந்தயம். கத்தியைக்கூட விட்டுவிட்டுக் கடித்தார்கள். சாறு முழங்கைவரை வழிந்தது. மருமகள் கொஞ்ச நேரம் தள்ளி நின்றாள், பிறகு அவளும் ஒரு பழத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வண்டு இல்லாத பழம் வந்தால் ஏமாற்றப்பட்டது போல முகத்தைத் தொங்கப்போட்டார்கள். மதாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்த காலுறையை அவிழ்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டல்காரர் பேப்பரோடு வந்தபோது ரொபேர் கை கழுவவில்லை. மேஜையில் ஐந்து வண்டுகள் செத்துக் கிடந்தன, சுற்றிலும் நான்கு பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். "இப்ப வேணாம், கை ஒட்டுது. அடுத்த ஆகஸ்ட்ல பாக்கலாம்" என்றார் ரொபேர். ஓட்டல்காரர் பேப்பரை மடித்துக்கொண்டு போனார். முழுதாகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். போன வாரம்கூட அந்தத் தெருவில் நின்று மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இந்தத் தையில் மரம் முதல் பூ எடுத்ததும் மதாம் ஃபோன் செய்தார். எல்லாவற்றையும் கிள்ளிவிட்டேன் என்றார். பேத்திகள் இப்போதே நாள் எண்ணுகிறார்களாம், பெட்டி கட்டலாமா என்று கேட்கிறார்களாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரோஜா, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சிக்காத. போன தபா அஞ்சுதான் இருந்துச்சி. இந்த வருஷம் எல்லாப் பழத்துலயும் வண்டு இருக்கணும். அதுக்கு என்னா செய்யணும்?" என்றார்.

"ஒண்ணுமே செய்யக்கூடாது மதாம்" என்றேன். "மருந்து அடிக்க வேணாம், பிஞ்சு பொறுக்க வேணாம், கொட்டய எரிக்க வேணாம். சும்மா இருக்கணும்."

"சும்மா இருந்தா வந்துடுமா? நிச்சயமாத்தான் சொல்றியா?"

"நிச்சயமா மதாம். அதுல எனக்கு முப்பது வருஷ கவர்மெண்ட் சர்வீஸ்."